கைப்பந்து ஆடுகளம் அமைப்பது எப்படி?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

சென்ற ஆண்டு ஆகஸ்டில் நடந்த வட்டாரப் போட்டியில் நம் பள்ளிக் கைப்பந்து அணி முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பியது பலருக்கு நினைவிருக்கும். எதிரணியில் இருந்தவர்கள் எல்லாரும் உயரமான அக்காமார் என்று நாங்கள் வீட்டில் சொல்லித் தப்பித்துக்கொண்டோம். உண்மையைச் சொன்னால், அவர்களில் பாதிப்பேர் எங்களைவிடக் குள்ளம். எங்களைத் தோற்கடித்தது வலைதான். நாங்கள் ஓங்கி அடித்த பந்துகளில் பாதிக்கு மேல் வலையின் மேல்நாடாவில் பட்டு எங்கள் பக்கமே விழுந்தன. நம் திடலில் இதே கையால், இதே வேகத்தில் அடித்தால் பந்து அழகாகத் தாண்டிப் போகுமே, இங்கே மட்டும் ஏன் போகவில்லை என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மறுநாள் மாலை உடற்பயிற்சி டீச்சர் ஒரு நீளக் குச்சியையும் இரும்பு டேப்பையும் எடுத்துக்கொண்டு எங்களைத் திடலுக்கு அழைத்துப் போனார்கள். பெண்கள் ஆடும் வலையின் உயரம் 2.24 மீட்டர். ஆண்களுக்கு 2.43. நம் வலையை இரு ஓரங்களிலும் அளந்தோம், சரியாக 2.24 இருந்தது. நடுவில் அளந்தோம். 2.13! பதினொரு சென்டிமீட்டர் தொய்வு. ஏறக்குறைய அரைச் சாண் அளவுக்கு வலை கீழே இறங்கியிருந்தது. எங்கள் ஸ்மாஷர் எப்போதும் நடுவிலேயே நின்று அடிப்பவள். அவளுடைய கை அந்தப் பள்ளத்துக்குப் பழகியிருந்தது. லிப்டரான நானும் பந்தை அந்தப் பள்ளத்துக்கு நேராகத்தான் தூக்கிக் கொடுத்துப் பழகியிருக்கிறேன்.

அளக்கத் தொடங்கிய பிறகு நிறுத்த முடியுமா? அடுத்துத் தரையை அளந்தோம். பக்கக் கோடு 18 மீட்டர், கடைசிக் கோடு 9 மீட்டர், இரண்டும் சரி. ஆனால் மூலைக்கு மூலை டேப்பைப் பிடித்தபோது ஒரு மூலைவிட்டம் 20.50 மீட்டர், மற்றது 19.74. செவ்வகமானால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும் என்று ஏழாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். அதாவது, நாங்கள் இவ்வளவு காலமாக ஆடியது ஓர் இணைகரத்தில்! ஒரு பக்கக் கோடு மற்றதைவிட 42 சென்டிமீட்டர் தள்ளி நின்றது. கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று நாங்கள் போட்ட சண்டைகளை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

அதற்கடுத்த மாதம் நடந்தது சிரிக்கக்கூடியது அல்ல. பழைய கம்பங்கள் சவுக்குக் கட்டைகள். அவை சாயாமலிருக்க வெளிப்பக்கமாகக் கம்பி இழுத்து முளை அடித்திருந்தார்கள். பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிய ஒன்பதாம் வகுப்புத் தோழி ஒருத்தி அந்த இழுகம்பியில் கால் தட்டி விழுந்தாள். கணுக்காலில் எலும்பு விரிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. தலைமையாசிரியை சிஸ்டர் மறுநாளே வலையை அவிழ்க்கச் சொல்லிவிட்டார்கள். “ஒழுங்கான ஆடுகளம் இருந்தால் ஆடுங்கள்; இல்லையென்றால் இந்தப் பள்ளியில் கைப்பந்து வேண்டாம்” என்பது அவர்கள் தீர்ப்பு. எங்களுக்கு அழுகையாக வந்தது. ஆயினும் அந்தத் தீர்ப்பின் முதல் பாதியை நாங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் புத்தூரில் மண்ணைத் தோண்ட முடியாது. அதனால் மார்கழி வரை காத்திருந்து, அரையாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில் வேலையைத் தொடங்கினோம். அணித் தோழி ஒருத்தியின் அப்பா கொத்தனார் மேஸ்திரி. அவர் கூலி வாங்காமல் வந்தார். நாங்கள் மாமா என்றே அழைத்தோம். இரும்புக் குழாய்க்கும் சிமெண்டுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகம் பணம் தந்தது. மீதி எல்லாம் எங்கள் கை.

முதலில் இடம். ஆடுகளம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம் என்பது எல்லாருக்கும் தெரியும். அதைச் சுற்றி நான்கு பக்கமும் குறைந்தது 3 மீட்டர் காலியிடம் வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஆக உண்மையில் தேவைப்படுவது 24 மீட்டருக்கு 15 மீட்டர். பழைய திடலில் மேற்குச் சுவர் கோட்டிலிருந்து ஒன்றரை மீட்டரில் இருந்தது. சர்வீஸ் போடுகிறவள் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டுதான் போட வேண்டும். இன்னொரு குறையும் இருந்தது. அது கிழக்கு மேற்காக நீண்டிருந்தது. நாம் ஆடுவது மாலை நாலரை மணிக்கு. திருச்சி வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மேற்குப் பார்த்து நிற்கும் அணிக்கு உயரத்தில் வரும் பந்தும் சூரியனும் ஒன்றாகவே தெரியும். எனவே புதிய களத்தை மாதா கெபிக்குப் பின்புறம் வடக்குத் தெற்காகத் திருப்பினோம். அதற்காக வேப்பமரத்தின் ஒரு கிளையைக் கழிக்க வேண்டியிருந்தது. மரத்தை வெட்டக்கூடாது என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொன்னதால் மரம் தப்பியது, எங்களுக்கு நிழலும் தப்பியது.

தரையைச் சமன் செய்ததுதான் நீண்ட வேலை. கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு மேல் மண்ணைக் கிளறி, கல், வேர், ஓட்டாஞ்சில், என்றோ தொலைந்த ஜாமெட்ரி பெட்டியின் மூடி எல்லாவற்றையும் பொறுக்கினோம். பிறகு செம்மண்ணும் கொஞ்சம் ஆற்றுமணலும் கலந்து பரப்பி, தண்ணீர் தெளித்து, உருளை இழுத்தோம். செம்மண் மட்டும் போட்டால் மழையில் வழுக்கும். மணல் அதிகமானால் கால் புதையும். கைப்பிடி மண்ணை ஈரத்தோடு அழுத்திப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம் என்றார் மாமா.

இந்தத் தரை முழுமையாகத் தட்டையாக இருக்கக்கூடாது என்பது எனக்குப் புதுச் செய்தி. வெளியிடத்து ஆடுகளத்தில் தண்ணீர் வடிவதற்காக மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் சரிவை விதி அனுமதிக்கிறது. எந்தப் பக்கம் சரிப்பது? பக்கவாட்டில் சரித்தால் வலையின் ஒரு முனைக்குக் கீழே தரை உயர்ந்தும் மறு முனைக்குக் கீழே தாழ்ந்தும் போய், வலை உயரம் என்றைக்கும் தகராறுதான். ஆகவே வலைக்கு நேர் கீழே வீட்டு முகடு போல மேடாக வைத்து, இரு கடைசிக் கோடுகளை நோக்கியும் சரித்தோம். 9 மீட்டருக்கு நாலரை சென்டிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது, மழைக்குத் தெரியும். மட்டம் பார்க்க மாமா கொண்டுவந்தது ஒரு நீளமான பிளாஸ்டிக் ட்யூப். அதில் தண்ணீர் நிரப்பி இரு முனைகளையும் இருவர் பிடித்துக்கொண்டால், எவ்வளவு தூரமானாலும் இருபுறமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அறிவியல் பாடத்தில் படித்து மதிப்பெண் வாங்கிய விஷயம். அது கொத்தனாருக்கும் தேவை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அடுத்தது கோடு. இதற்குத்தான் கணக்கு டீச்சரின் ஆசி தேவைப்பட்டது. ஒரு பக்கக் கோட்டை முதலில் கயிறு கட்டி 18 மீட்டருக்கு நிறுத்தினோம். அதன் ஒரு முனை ‘அ’ என்று வைத்துக்கொள்வோம். அந்த முனையில் செங்கோணம் வர வேண்டும். மூலைமட்டம் வைத்துப் பார்க்கலாம். ஆனால் மூலைமட்டத்தின் கை ஒரு முழ நீளம்தான், அதில் ஏற்படும் மயிரிழைப் பிசகு ஒன்பது மீட்டரில் ஒரு கையகலமாகிவிடும். பைதாகரஸ் அப்படிக் கைவிடமாட்டார். ‘அ’விலிருந்து பக்கக் கோட்டில் 12 மீட்டரில் ஒரு முளை அடியுங்கள். ஒருத்தி ‘அ’விலிருந்து 9 மீட்டர் டேப்பை நீட்டட்டும், இன்னொருத்தி அந்த முளையிலிருந்து 15 மீட்டர் நீட்டட்டும். இரண்டும் எங்கே சந்திக்கின்றனவோ அதுவே அடுத்த மூலை. 81-உம் 144-உம் கூட்டினால் 225. அதன் வர்க்கமூலம் 15. நான்கு மூலையும் முடிந்தபின் மூலைவிட்டங்களை அளந்து சரிபாருங்கள். இரண்டும் 20.12 மீட்டர் இருக்க வேண்டும். எங்களுக்கு முதல் தடவை 20.09-உம் 20.16-உம் வந்தது. துணி டேப் இழுத்த இழுப்புக்கு நீண்டதுதான் காரணம். இரும்பு டேப்பால் மறுபடி அளந்து சரிசெய்தோம். நைலான் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளக்கவே அளக்காதீர்கள். அது துணி டேப்பைவிடப் பொய் சொல்லும்.

எல்லாக் கோடுகளும் 5 சென்டிமீட்டர் அகலம். அந்த அகலம் ஆடுகளத்துக்குள் சேர்ந்தது. அதாவது 18, 9 என்ற அளவு கோட்டின் வெளி ஓரம் வரை. கயிற்றுக்கு வெளியே கோடு போட்டால் களம் இருபுறமும் சேர்த்துப் பத்து சென்டிமீட்டர் பெருத்துவிடும். பழைய திடலில் அந்தத் தவறும் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. குறுக்கே நடுக்கோடு ஒன்று. அதன் மையத்திலிருந்து இருபுறமும் 3 மீட்டரில் தாக்குதல் கோடு. இதில் 3 மீட்டர் என்பது கோட்டின் பின் ஓரம் வரை. பின்வரிசையில் நிற்பவள் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டோ அதற்கு முன்னால் நின்றோ எம்பி, வலையைவிட உயரத்தில் இருக்கும் பந்தை எதிர்ப்பக்கம் அடித்தால் தவறு. ஆகவே இந்த ஐந்து சென்டிமீட்டருக்கும் ஒரு புள்ளி விலை உண்டு.

கோடு போடச் சுண்ணாம்புத் தூள் கொண்டுவரட்டுமா என்று கேட்டதற்கு டீச்சர் மறுத்துவிட்டார்கள். நீற்றாத சுண்ணாம்பு வியர்வையிலும் கண்ணிலும் பட்டால் புண்ணாக்கிவிடும். விழுந்து புரளும் ஆட்டத்துக்கு அது ஆகாது. கயிற்றையோ பலகையையோ பதித்துக் கோடாக வைக்க விதியே இடம் தரவில்லை. முடிவில் வந்து சேர்ந்தது நம் வீட்டுக் கோலப்பொடி! ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு மர ரீப்பர்களை வைத்து, நடுவில் பொடியைத் தூவி, ரீப்பரைத் தூக்கினால் கத்தியால் வெட்டியது போன்ற கோடு. ஆறாம் வகுப்புத் தங்கைகள் இதில் எங்களைத் தோற்கடித்தார்கள். அவர்களில் ஒருத்தி ரீப்பரே இல்லாமல், விரலாலேயே பதினெட்டு மீட்டரும் இழுத்துவிட்டாள். மார்கழி மாதமாயிற்றே, கை பழகியிருந்தது.

இனிக் கம்பம். விதிப்படி கம்பத்தின் உயரம் 2.55 மீட்டர். பக்கக் கோட்டிலிருந்து அரை மீட்டர் முதல் ஒரு மீட்டருக்குள் நிற்க வேண்டும். வழவழப்பாக, உருண்டையாக இருக்க வேண்டும். முக்கியமாக, இழுகம்பி கூடாது. எங்கள் தோழிக்கு மாவுக்கட்டு போட்டபின் இந்த விதியைப் படித்தபோது, இதை எழுதியவர்கள் எங்கேயோ இப்படி ஒரு பெண் விழுந்ததைப் பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது. இழுகம்பி இல்லாமல் கம்பம் நிமிர்ந்து நிற்க வேண்டுமானால் அடிப்பகுதி பலமாக இருக்க வேண்டும். ஆளுயரத்தில் பாதி ஆழத்துக்குக் குழி வெட்டி, சற்றுப் பெரிய குழாய்த் துண்டு ஒன்றை முக்கால் மீட்டர் ஆழத்துக்குக் கான்கிரீட்டில் பதித்தோம். கம்பம் அந்த உறைக்குள் இறங்கி நிற்கும். வேண்டாதபோது உருவி எடுத்துவிடலாம். ஆகக் கம்பத்தின் மொத்த நீளம் 3.30 மீட்டர். கான்கிரீட் இறுகுவதற்குள் தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்ப்பதும், பிறகு ஒரு வாரம் ஈரச் சாக்குப் போட்டு மூடுவதும் முக்கியம். கிறிஸ்துமஸ் அன்றுகூடப் பூசை முடிந்ததும் இரண்டுபேர் ஓடிப்போய்ச் சாக்கை நனைத்தோம். “ஏம்மா, பண்டிகை நாளில் உங்களுக்கு இதுதான் வேலையா?” என்று வாட்ச்மேன் தாத்தா கேட்டார்.

கம்பத்தை எடுத்தபின் உறையின் வாயைத் திறந்து வைக்கக் கூடாது. இரண்டு மரக்கட்டை மூடிகள் செய்து வைத்திருக்கிறோம். ஆடும்போது கம்பத்தைச் சுற்றிப் பழைய மெத்தைப் பஞ்சை ரெக்ஸினில் தைத்துக் கட்டுகிறோம்.

வலையில்தான் என் மனம் மிகவும் ஈடுபட்டது. ஒரு மீட்டர் அகலம், ஒன்பதரை முதல் பத்து மீட்டர் நீளம், பத்து சென்டிமீட்டர் சதுரக் கண்கள். மேலே 7 சென்டிமீட்டர் வெள்ளை நாடா, கீழே 5 சென்டிமீட்டர் நாடா. உயரத்தை முதலில் நடுவில்தான் அளக்க வேண்டும். அங்கே 2.24 இருக்க வேண்டும். பக்கக் கோடுகளுக்கு மேலே இரண்டு இடமும் தமக்குள் சமமாக இருக்க வேண்டும். நடுவைவிட 2 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. அந்த 2 சென்டிமீட்டர் சலுகை எதற்கு? கனமுள்ள எந்தக் கயிற்றையும் இரு முனை பிடித்து முற்றிலும் நேராக இழுக்கவே முடியாது. தொய்வு குறையக் குறைய இழுக்க வேண்டிய விசை ஏறிக்கொண்டே போகும். தொய்வு பாதியானால் விசை இரண்டு மடங்கு. 11 சென்டிமீட்டர் தொய்வை 2 சென்டிமீட்டராக்க ஐந்தரை மடங்கு விசை வேண்டும் என்று இயற்பியல் டீச்சர் கரும்பலகையில் போட்டுக் காட்டினார்கள். சவுக்குக் கட்டை வளைந்ததில் வியப்பென்ன? நாங்கள் எத்தனை முறை இழுத்துக் கட்டினாலும் வலை தொங்கியது எங்கள் சோம்பலால் அன்று என்று அறிந்தபோது மனம் லேசானது. இப்போது மேல்நாடாவுக்குள் இரும்பு வடக்கயிறு ஓடுகிறது. கம்பத்தில் கைப்பிடி வைத்த திருகி ஒன்று இருக்கிறது. பழைய நைலான் கயிறு கீழ்நாடாவுக்குப் போதும்.

இந்த உயரம் எப்போதுமே இப்படி இருந்ததில்லை. 1895-ல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சி இயக்குநர் வில்லியம் மார்கன், கூடைப்பந்தின் முரட்டுத்தனம் ஒத்துக்கொள்ளாத நடுவயதுக்காரர்களுக்காக இந்த ஆட்டத்தை உண்டாக்கியபோது, வலையை ஆறரை அடி உயரத்தில் கட்டினார். சராசரி மனிதனின் தலைக்குச் சற்று மேலே. அதற்கு அவர் இட்ட பெயர் மின்டனெட். நம் நாட்டுக்கு இதைக் கொண்டுவந்ததும் ஒய்.எம்.சி.ஏ.தான். 1920-ல் சென்னையில் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் இத்தகைய ஆட்டங்களை ஊர் ஊராக எடுத்துச் சென்றார்கள். 1961-ல் அர்ஜுனா விருது தொடங்கப்பட்டபோது கைப்பந்துக்காக அதைப் பெற்றவர் ஏ. பழனிச்சாமி. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் கைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அங்கே தங்கப் பதக்கம் வென்ற ஜப்பானியப் பெண்கள் அணியில் பெரும்பாலோர் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தவர்கள். வேலை முடிந்த பிறகு இரவில் நெடுநேரம் பயிற்சி செய்வார்களாம். பத்தாம் வகுப்பில் விளையாட்டு எதற்கு என்று கேட்கும் பெற்றோர்களுக்கு இதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

வலையின் இரு ஓரத்திலும் நிற்கும் குச்சிகளுக்கு ஆன்டெனா என்று பெயர். 1.80 மீட்டர் நீளம். அதில் 80 சென்டிமீட்டர் வலைக்கு மேலே நீட்டியிருக்கும். பத்துப் பத்து சென்டிமீட்டருக்குச் சிவப்பும் வெள்ளையுமாக நிறம். பந்து இவ்விரண்டுக்கும் இடையில்தான் கடக்க வேண்டும். உண்மையான ஆன்டெனா கண்ணாடியிழையால் ஆனது. எங்களிடம் அதற்குப் பணம் மிஞ்சவில்லை. மூங்கில் சிம்பு கண்ணைக் குத்தும் என்பதால் பிரம்பு வாங்கிப் பெயின்ட் அடித்தோம். பள்ளியில் பிரம்புக்கு ஒரு நல்ல வேலை கிடைத்தது என்று ஒரு சிஸ்டரே சொல்லிச் சிரித்தார்கள். பயிற்சிக்கு இது போதும். போட்டி நடத்துவதாயிருந்தால் வாங்கத்தான் வேண்டும். பந்தின் சுற்றளவு 65 முதல் 67 சென்டிமீட்டர், எடை 260 முதல் 280 கிராம். காற்று அதிகமடித்தால் மணிக்கட்டு சிவந்துபோகும். அதற்குமேல் பந்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஜனவரியில் புதிய வலையில் ஆடிய முதல் நாள் எப்படியிருந்தது தெரியுமா? அடித்த பந்தெல்லாம் வலையில்! “டீச்சர், வலை உயரமாகக் கட்டிவிட்டார்கள்” என்று ஸ்மாஷர் அழாத குறையாகச் சொன்னாள். குச்சியை நடுவில் நிறுத்தினோம். 2.24. மறுநாளும் அதே புகார், அதே குச்சி. மாசி மாதம் வரை இப்படியே ஓடியது. பிறகு ஒருநாள் அவள் குச்சியைக் கேட்கவில்லை.

இந்த ஆண்டுப் போட்டியில் நாங்கள் இரண்டாம் சுற்றில் தோற்றோம். மாவுக்கட்டுப் போட்டிருந்த தோழி பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் பந்து வலையில் பட்டதை எல்லாம் நோட்டில் குறித்தாள். ஆட்டம் முழுவதற்கும் ஏழு. வரும் ஆண்டு அவளும் களத்தில் இறங்குகிறாள்.

அடுத்த அணித் தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். அளவுக்குச்சி உடற்பயிற்சி அறைக் கதவின் பின்னால் தொங்குகிறது, 2.24-இல் சிவப்பு, 2.26-இல் நீலம். ஆடும் முன் தினமும் மூன்று இடத்தில் அளந்துவிடுங்கள். ஆட்டம் முடிந்ததும் திருகியைத் தளர்த்துங்கள். இல்லையென்றால் வடம் பிய்ந்துபோகும். கட்டை மூடிகள் இரண்டும் கோலப்பொடி டப்பாவுக்கு மேல் தட்டில் இருக்கின்றன. கெபிப் பக்கத்துக் கம்பத்தருகே வலையின் மேல்நாடா ஒரு விரற்கடை கிழிந்திருக்கிறது. பரீட்சை நெருங்கிவிட்டதால் எங்களால் தைக்க முடியவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், ஆடிக் காற்று வருவதற்குள், யாராவது கெட்டி நூலால் தைத்துவிடுங்கள்.